கரை விழுந்த படம்

எங்கள் பக்கத்து மலைகள் மழைக்குப் பிறகுதான் கிட்டே வரும். ஆனியிலும் ஆடியிலும் அவை எங்கே போயின என்றே தெரியாது. மேகத்துக்குள் படுத்துக் கிடக்கும். ஆவணியில் ஒருநாள் காலை ஸ்டூடியோவின் ஷட்டரைத் தூக்கிவிட்டுத் திரும்பினால், கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள் மாதிரி, தென்னைகளுக்கு மேலே ஒவ்வொரு மடிப்பும் தெரிய வந்து நிற்கும். மற்றவர்களுக்கு அது துணி காயப்போட நல்ல நாள். எனக்கு அன்றைக்கு முழுக்க வேலை ஓடாது. உள்ளே போவேன், கேமராவைத் துடைப்பேன், வைப்பேன், மறுபடி வாசலுக்கு வருவேன். தெருக்கோடியிலிருந்து ஒரு கூப்பாடு வராதா என்று காது அங்கேயே நிற்கும்.

"ஏலே படக்காரா!"

அந்தக் குரல் தெருவில் அப்படிக் கூப்பிட்டு எத்தனையோ ஆவணி கழிந்துவிட்டது.

இராஜாக்கமங்கலத்திலிருந்து கடலுக்கு இறங்கும் சாலையில், தென்னந்தோப்பு தொடங்குகிற இடத்தில் என் ஸ்டூடியோ. தோப்புக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு. அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. தோப்புக்கு அந்தப் பக்கம் மாதா கோவில், மணல், வள்ளங்கள், என்னை அப்படிக் கூப்பிட்ட அவன் வீடு. நடந்தால் ஒரு பீடி தீர்கிற தூரம். நானும் அவனும் பள்ளியில் ஒரே பெஞ்சு. ஒன்பதாம் வகுப்போடு அவன் பெஞ்சை விட்டு அப்பாவோடு கடலுக்குப் போனான். நான் படித்து முடித்து, நாகர்கோவிலில் ஒரு ஸ்டூடியோவின் இருட்டறையில் சில வருடம் கையை ஊறவைத்துவிட்டு, ஊருக்கு வந்து கடை போட்டேன். அவனுடைய கையில் தூண்டில் கயிறு அறுத்த கோடுகள். என்னுடைய விரல் நுனிகளில் ரசாயனம் தின்ற வெள்ளை. ஓய்வான சாயங்காலங்களில் இரண்டு பேரும் மணலில் உட்கார்ந்து, யாருடைய கை மோசம் என்று சண்டை போடுவோம்.

2004 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கடல் ஏறி வந்தபோது தோப்போடு நின்றுவிட்டது. என் கடைப் படியில் ஈரம்கூட இல்லை. அவனுடைய அப்பா அன்று காலை மணலில் உட்கார்ந்து தூண்டில் கயிற்றைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். வாழ்நாளெல்லாம் கடலுக்குள் போய்த் திரும்பி வந்த மனுஷர். அவரைக் கரையில் வைத்து எடுத்துக்கொண்டு போயிற்று.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் கடற்கரை வீடுகளிலிருந்து ஒவ்வொருவராக என் கடைக்கு வந்தார்கள். சுவரில் இருந்த படங்கள், பெட்டியில் இருந்த ஆல்பங்கள் எல்லாம் போயிருந்தன. நெகட்டிவ்கள் மட்டும் என்னிடம் பிஸ்கட் டின்களில் இருந்தன. கல்யாணம், ஞானஸ்நானம், முதல் நற்கருணை, தேர்த் திருநாள். ஒரு முகத்துக்காக ஒரு நாள் முழுக்க வெளிச்சத்துக்கு எதிரே ஃபிலிமைப் பிடித்துத் தேடியிருக்கிறேன். அவனுக்கு அப்பாவின் முகம் வேண்டும். அவனுடைய கல்யாணக் கூட்டுப் படத்தில், பின்வரிசையில், பாதித் தோள் மறைந்து நின்றார். அந்தத் தலையை மட்டும் பெரிதாக்கி, சுற்றி நின்றவர்களை எல்லாம் நீக்கி, பின்னால் வெறும் வெளிறிய நீலம் போட்டுக் கொடுத்தேன்.

அவன் அதை ரொம்ப நேரம் பார்த்தான். "அன்னைக்கு நல்லா குடிச்சிருந்தாரு மக்கா. கண்ணுல தெரியுது பாத்தியா."

பிறகு எழுந்து என் தோளில் ஓங்கி ஓர் அடி. "இனி நீயும் கடக்கரைக்காரன்லே."

தோள் இரண்டு நாள் வலித்தது. அந்த வலி போகக்கூடாது என்று இருந்தது.

சுனாமி கழிந்து ஏழெட்டு வருடம் இருக்கும். நாகர்கோவிலில் நான் படம் கழுவக் கொடுக்கும் லேபின் கண்ணாடிக் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. 'காலநிலை மாற்றமும் கடல் மீன்வளமும்' என்று ஒரு புகைப்படப் போட்டி. கடல் பற்றி வேலை செய்யும் ஓர் அமைப்பு நடத்துகிறது. தேர்வாகும் படங்களைப் பெரிதாக்கிப் பொது இடங்களில் வைப்பார்களாம். அதைப் படித்துவிட்டு பஸ்ஸில் வரும்போது எனக்கு உட்கார இடம் கிடைத்தும் உட்கார முடியவில்லை. பாஸ்போர்ட் சைஸ், கல்யாண ஆல்பம், வாழைமரம், மணவறை, இன்னொரு வாழைமரம். இதைத் தவிர என் கையில் என்ன இருக்கிறது என்று பல வருடமாக எனக்குள் ஒரு கேள்வி நடந்துகொண்டே இருந்தது.

அன்று சாயங்காலம் அவன் வீட்டு வாசல் மணலில் வைத்து அவனிடம் சொன்னேன்.

"காலநிலை மாறுதுன்னு படம் எடுக்கணுமா?" என்றான். "அதுக்கு நீ கடலுக்கு வர வேண்டாம்லே. நான் வெறும் கையோட வாற அன்னைக்கு எம் பொண்டாட்டி மூஞ்சிய எடு. எப்பிடி மாறுதுன்னு தெரியும்."

வீட்டுக்குள்ளேயிருந்து அவன் மனைவியின் குரல் வந்தது. "மூஞ்சிய எடுக்க வாங்கண்ணே. பக்கத்துல இவரு மூஞ்சியையும் வச்சு எடுங்க. எது தேய்ஞ்சிருக்குன்னு ஜட்ஜு சொல்லட்டு."

சிரிப்பு ஓய்ந்த பிறகு அவன் மணலைக் கையால் தடவிக்கொண்டே சொன்னான். "தண்ணி தணுக்க மாட்டேங்குது மக்கா. அதான் விஷயம். ஆடி பொறந்தா அடித்தண்ணி மேல வந்து கடல் தணுத்திரும். கைய விட்டா விறைக்கும். அந்தத் தணுப்புக்குத்தான் மீனு ஏறும், கணவாய் ஏறும். இப்பம் ஆவணி ஆயாச்சி, இன்னும் காய்ச்சக்காரன் நெத்தி மாதிரி இருக்கு. இத நீ எப்பிடிப் படம் புடிப்ப?"

எப்படிப் பிடிப்பது என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது.

"என்னை உன் பாருக்குக் கூட்டிட்டுப் போறியா?" என்று கேட்டேன்.

பார் என்றால் கடலுக்கடியில் கிடக்கும் பாறைத் திட்டு. மீன் அதில்தான் வீடு வைத்திருக்கும். ஊருக்குப் பொதுவான பார்கள் நிறைய உண்டு. அவனுக்கு ஒன்று தனியாக இருந்தது. அவனுடைய அப்பா ஒருநாள் நங்கூரம் தட்டிக் கண்டுபிடித்தது. அப்பாவுக்கும் மகனுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. அப்பா போன பிறகு அவனுக்கு மட்டும். வீட்டில் கல்யாணம், காய்ச்சல், பள்ளிக்கூடச் செலவு எது வந்தாலும் அவன் தனியாக அங்கே போவான். கொஞ்சமாக எடுத்துக்கொண்டு வருவான். அவள்கூட அது எந்தத் திசை என்று கேட்டதில்லை.

அவன் யோசிக்கவே இல்லை. "வா. யார்ட்டயும் சொல்லாத."

"சொல்லவா போறேன்?"

"தெரியும்லே. சும்மா சொன்னேன்."

மலை கிட்டே வந்த ஒரு காலையில் போனோம். கடல் எண்ணெய் போல் கிடந்தது. கரை சின்னதாகி, மாதா கோவில் கோபுரம் குத்திவைத்த வெள்ளைப் பென்சில் அளவுக்கு ஆன பிறகு அவன் எஞ்சினைத் தணித்தான். முகத்தைக் கரைப் பக்கம் திருப்பினான். வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டான். வள்ளத்தைக் கொஞ்சம் மேற்கே விட்டான். பிறகு ஒரு முழம் உள்ளே. மறுபடி கரையைப் பார்த்தான். சட்டென்று எஞ்சினை நிறுத்தி, நங்கூரக் கல்லைப் போட்டான். கயிறு விறைத்தது. "வந்தாச்சி," என்றான், படியேறி வீட்டுக்குள் நுழைந்தவன் மாதிரி.

கடற்கரைக்காரர்கள் இதற்குக் கணியம் என்பார்கள். கரையில் இருக்கிற இரண்டு பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்று வந்து நிற்கும் கோடு ஒன்று. வேறு திசையில் அதேபோல் இன்னொரு கோடு. இரண்டும் சந்திக்கிற புள்ளியில் வள்ளம் நின்றால், அடியில் பார். அப்படி ஒரு வழக்கம் உண்டென்று எனக்கும் தெரியும். ஊரில் வளர்ந்தவன் யாருக்கும் தெரியும். அவன் எந்தெந்தப் பொருளைப் பார்க்கிறான் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதே மரியாதை என்று பெருமையாக உட்கார்ந்திருந்தேன்.

தூரத்தில் ஒரு வள்ளம் தெரிந்தது. உடனே அவன் தூண்டிலைச் சுருட்டி உள்ளே போட்டுவிட்டு, ஒரு டப்பாவை எடுத்து, இல்லாத தண்ணீரை வள்ளத்திலிருந்து இறைக்க ஆரம்பித்தான்.

"என்னத்துக்குலே?" என்றேன்.

"பேசாம இரி. வள்ளத்துல தண்ணி ஏறிட்டுன்னு அவன் நெனைக்கட்டு. நீயும் மூஞ்சிய கொஞ்சம் சோகமா வையி. ஒனக்கு அது சும்மாவே வரும்."

அந்த வள்ளம் கையசைத்துவிட்டுப் போகும் வரை நாங்கள் இரண்டு பேரும் சோகமாக இருந்தோம். பிறகு வயிறு வலிக்கச் சிரித்தோம். இதை எழுதும்போதும் அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்கிறது. இவ்வளவையும் என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அரை மணி நேரத்தில் நான் அதைச் செய்தேன்.

அவன் சரிந்து, வலது கையை மணிக்கட்டு வரை தண்ணீரில் விட்டான். விட்டபடியே இருந்தான். பிள்ளையின் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் இறங்கிவிட்டதா என்று பார்க்கிற முகம். கண் பாதி மூடியிருந்தது. வலப்பக்கத்திலிருந்து வெயில் அவன் கன்ன எலும்பில் ஏறி, தோளில் வழிந்து, தண்ணீருக்குள் போன கையோடு உடைந்தது. பின்னால் கரை, கரைக்குப் பின்னால் கழுவிய மலை. நான் வள்ளத்தின் மறு ஓரத்துக்கு நகர்ந்து, அகலமான லென்ஸைப் போட்டு, எல்லாவற்றையும் உள்ளே எடுத்தேன். அவனை, கையை, வெறும் தூண்டிலை, கரையை, மலையை. அத்தனையும் ஒரே நேரத்தில் ஒருவனுக்குக் கிடைக்காது. மூச்சை அடக்கி அமுக்கினேன்.

"தணுக்கல," என்றான் அவன், கையை உதறிக்கொண்டு. அன்று இரண்டு கலவா மீன் மட்டும் கிடைத்தது. ஒன்றை எனக்குத் தந்தான்.

கரையை எடுக்காதே என்று அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஆள் இல்லை நான் என்று நினைத்திருந்தான்.

படத்தை அனுப்பும் முன்பு தபால் அட்டை அளவில் ஒன்று போட்டு அவனிடம் காட்டவும் செய்தேன். அந்த அளவில் கரை ஒரு நூல்; கோபுரம் ஒரு வெள்ளைத் துளி. அவன் தன் முகத்தைத்தான் பார்த்தான். "கொள்ளாம். இவ்வளவு கறுப்பாவா இருக்கேன்?" அவள் வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்பாவ மாதிரியே இருக்காரு," என்று சொல்லி, திரு இருதயப் படத்தின் ஓரத்தில், மாமனாரின் நீலப் படத்துக்குக் கீழே செருகி வைத்தாள்.

முதல் பரிசு. அமைப்பிலிருந்து ஓர் அம்மா போனில் சொன்னபோது ஒரு பிள்ளை பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்திருந்தது. நான் அழுததைப் பார்த்து அதுவும் அழ ஆரம்பித்தது. "உங்க ஊர் ஜனங்கதான் முதல்ல பாக்கணும், அதான் பொருத்தம்," என்றார் அந்த அம்மா. "கடற்கரையிலயே பெருசா வைக்கிறோம்."

வைத்தார்கள். மீன் ஏலம் போடும் மணலுக்கு மேலே, சாலை வந்து முடிகிற இடத்தில், பதினாறு அடி அகல ஃப்ளெக்ஸ். அவன் கையின் ரேகைகள்கூடத் தெரிந்தன. காலை ஏலத்துக்கு நாலு ஊர் ஆட்கள் வந்திருந்தார்கள். நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய், சற்றுத் தள்ளி ஒரு வள்ளத்தின் நிழலில் நின்றேன்.

கூட்டம் சேர்ந்தது. அத்தனை அமைதியாக என் படம் ஒன்றை ஆட்கள் பார்த்து நான் கண்டதே இல்லை. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் ஒரு கண்ணை மூடித் தலையைச் சாய்த்தார். இன்னொருவர் கட்டைவிரலை நீட்டிப் படத்துக்கு நேரே பிடித்தார். ஓவியர்கள் அப்படிச் செய்வார்கள் என்று நான் கேள்விப்பட்டிருக்கிறேன். என் நெஞ்சு நிறைந்துபோயிற்று.

"நோக்குடே," என்று ஒருவர் மெல்லச் சொன்னார். "கோபுரத்துக்கு நேரே மேல மலை மூக்கு."

"இந்தப் பக்கம் பாரு. ஒத்தப் பனையும் தண்ணி டேங்கும் ஒட்டி நிக்கியது. இம்புட்டுதான் இடைவெளி, ஒரு விரக்கட."

"அப்பம் நம்ம பெரிய பாருக்கும் வெளிய."

"பேசாதலே."

பார்வை ஆழமாக இருக்கிறதே என்றுதான் அப்போதும் நினைத்தேன். அவர்கள் பேசியது என் காதில் விழுந்தது; என் மண்டைக்குள் விழவில்லை.

அவன் அப்போதுதான் வள்ளத்தை ஏற்றிவிட்டு, ஈரம் சொட்ட மேலே வந்தான். கூட்டம் அவனுக்கு வழி விட்டது. அவன் நின்று பார்த்தான். தன் முகத்தைப் பார்க்கவில்லை. நான் ஓடிப் பக்கத்தில் போய் நின்றேன்.

"எம்புட்டு அகலம் இது?" என்று கேட்டான்.

"பதினாறு அடிலே!" என்றேன்.

தலையை ஆட்டினான். இடுப்புத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான். பிறகு மீன் கூடையைக்கூட எடுக்காமல் வீட்டுக்கு நடந்தான்.

மறுநாள் காலை அவனுடைய மனைவி ஸ்டூடியோ வாசலில் நின்றாள். எப்போதும் உள்ளே வந்து மின்விசிறியைத் தானே போட்டுக்கொண்டு உட்காருகிறவள், படியில் கால் வைக்கவில்லை.

"படம் நல்லாருக்குண்ணே," என்றாள். "எல்லாரும் சொல்லுகாங்க. எங்க வீட்டுக்கு ஒரு கதவு இருந்துது. அதக் கழத்திக் கொண்டுபோய் ரோட்டுல சாத்தி வச்சிட்டிய."

"என்ன மைனி?"

"விடியக்காலம் இவரு போனாரு. பாருக்கு மேல திருநாள் கடை மாதிரி வள்ளம் நிக்குதாம். ஒருத்தன் ஜிபிஎஸ்-ல அமுக்கியும் வச்சாச்சாம். இனி நீங்க படத்தக் கிழிச்சாலும் ஒண்ணும் ஆவப் போறதில்ல."

அப்போதுதான் என் கண்ணுக்குள் அந்தப் படம் திரும்பியது. முகம் கரைந்து, கை கரைந்து, வெயில் கரைந்து, அடியில் இரண்டு கோடுகள் மட்டும் மிஞ்சின. கோபுரமும் மலையும். பனையும் டேங்கும். நான் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதினாறு அடி அகலத்தில் எழுதி வைத்திருந்தேன்.

ஓடிப்போய்க் கத்தியால் கயிற்றை அறுத்தேன். ஃப்ளெக்ஸ் சரிந்து மணலில் விழுந்தது. காற்று அதற்கு அடியில் புகுந்து அவன் முகத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. மற்ற ஊர்களுக்கும் அது வண்டியில் போவதாக இருந்தது. அமைப்புக்குப் போன் செய்து, வேண்டாம் என்றேன். அந்த அம்மாவுக்கு எவ்வளவு சொல்லியும் புரியவில்லை. "பின்னணியில கரை இருக்கறதுதான் சார் அழகே," என்றார். பரிசாகத் தந்த கேடயத்தைத் திருப்பி அனுப்பினேன்.

சாயங்காலம் அவனைத் தேடி மணலுக்குப் போனேன். வள்ளத்து ஓரத்தில் சாய்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். திட்டுவான், அடிப்பான் என்று எதிர்பார்த்தேன், அதற்குத்தான் போனேன். என் தோள் தயாராக இருந்தது.

"மக்கா," என்றேன். "நான் வெளிச்சத்ததான் பாத்தேன். கரையப் பாக்கல."

"ஆமா," என்றான். "கடக்கரைல பொறந்தவன் கரையத்தான் மொதல்ல பாப்பான். உங்கள நம்ம ஆளுன்னு நெனச்சிட்டேன். தப்பு எனக்குத்தான்."

உங்கள. அவன் வாயில் அந்தச் சொல்லை அதுவரை நான் கேட்டதில்லை. பங்குச் சாமியாரிடம், போலீஸ்காரரிடம், ஏலத்துக்கு வெளியூரிலிருந்து வருகிற வியாபாரியிடம் அவன் அப்படிப் பேசுவான்.

"ஏலேன்னு கூப்பிடு," என்றேன். என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது.

"நேரமாச்சி சார். வீட்டுக்குப் போங்க," என்றான்.

அன்றிலிருந்து நான் சார். எதிரே வந்தால் துண்டைத் தோளிலிருந்து எடுத்து, ஒதுங்கி, "வாங்க சார்" என்பான். கோபத்தில் ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு ஏறியிருப்பேன். மரியாதையில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை.

அந்தப் பார் ஒரு சீசன் தாங்கியது. பிறகு அங்கே தூண்டில் போடுகிறவர்கள் குறைந்து, அது பழைய கிணறு மாதிரி ஆயிற்று. தண்ணீர் தணுக்கவில்லை, அதனால்தான் மீன் இல்லை என்று சிலர் சொன்னார்கள். இருக்கலாம். அப்படி யாராவது சொன்னால் நான் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்பேன். ஆறுதல் மாதிரி இருக்கும். வீடு வந்து சேர்வதற்குள் தீர்ந்துவிடும்.

ஒரு மழைக்காலத்தில் கடல் கரையை அரித்து அந்த ஒற்றைப் பனையைச் சாய்த்தது. அந்த இடத்தில் பெரிய கற்களைக் கொட்டினார்கள். இன்று அங்கே போய் நின்று பார்த்தாலும் அந்தக் கோடு கிடையாது. ஃப்ளெக்ஸும் வீணாகவில்லை, கடற்கரையில் எதுவும் வீணாவதில்லை. யாரோ எடுத்துத் தங்கள் எஞ்சினை மூடி வைத்திருந்தார்கள். கரை இருந்த பக்கம் அடியில் மடிந்திருந்தது. தண்ணீருக்குள் போன கை மட்டும் மேலே, வெயிலில் வெளிறிக்கொண்டு.

அந்த ஃப்ளெக்ஸ் வைத்து நான்கு வருடம் கழித்து, மலை தெரிந்த ஒரு காலையில், அவன் ஸ்டூடியோவுக்குள் வந்தான். தலையில் எண்ணெய் தடவி, இஸ்திரி போட்ட சட்டை.

"பாஸ்போர்ட்டுக்குப் படம் வேணும் சார்."

வளைகுடாவுக்கு, அரபிக்காரர் ஒருவரின் படகில் மீன்பிடிக்கும் வேலைக்கு. எங்கள் கரையிலிருந்து அப்படி நிறையப் பேர் போயிருந்தார்கள். அவனும் போவான் என்று நான் நினைத்ததில்லை.

ஸ்டூலில் உட்கார்ந்தான். வெள்ளைத் திரையை அவனுக்குப் பின்னால் இறக்கினேன். அவன் கழுத்தைத் திருப்பி அதைப் பார்த்தான். மேலிருந்து கீழே வரை பார்த்தான்.

"பின்னால ஒண்ணும் விழாதுல்லா?"

"விழாது," என்றேன். "வெறும் வெள்ளைதான்."

அவன் தோளை நேராக்கினான். கன்ன எலும்பு இன்னும் ஏறியிருந்தது. அதே முகம், அதற்குப் பின்னால் மலை இல்லை, கோபுரம் இல்லை, எந்த இடத்து மனுஷன் என்று சொல்ல ஒரு அடையாளமும் இல்லை. இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஃப்ளாஷ் அடித்தது.

"ஐய, கண்ண மூடிட்டேன்லே," என்றான்.

இரண்டு பேருமே அந்த 'லே'யைக் கேட்டோம். அவன் திரையின் ஓரத்தைப் பார்த்தான். நான் கேமராவின் பின்புறத்தைப் பார்த்தேன். கண் நன்றாகத் திறந்துதான் இருந்தது. ஆனாலும் இன்னொன்று எடுத்தேன். அதற்குப் பிறகும் ஒன்று. அந்தச் சொல் மறுபடி வரவில்லை.

"எப்பக் கிடைக்கும் சார்?"

"இப்பவே," என்றேன்.

எட்டுப் படங்களை வெட்டி உறையில் போட்டுக் கொடுத்தேன். நான் காசு வாங்கமாட்டேன் என்று தெரிந்து, எவ்வளவு என்று அவன் கேட்கவும் இல்லை. அதை மட்டும் பழைய கணக்கிலேயே விட்டுவிட்டான். படியிறங்கி, தோப்புக்குள் போகிற வரை நின்றேன். திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த வருடம் ஆவணியில் அவள் வந்தாள். இந்தத் தடவை படியேறினாள். மின்விசிறியைப் போடவில்லை, ஆனால் உள்ளே வந்து நின்றாள். கையில் செல்போன்.

"நேத்து அங்கேருந்து பேசினாரு. அங்க கடல்ல கைய விட்டா கஞ்சித்தண்ணி மாதிரி இருக்காம். இங்க தண்ணி தணுத்தாச்சான்னு கேட்டாரு. எனக்கென்ன தெரியும்னேன். நான் அடுக்களைல கெடக்கேன், கடல்லயா கெடக்கேன்?" செல்போனை மற்றக் கைக்கு மாற்றினாள். "அப்பம் படக்காரன்ட்ட கேளுன்னு சொன்னாரு."

"சார்னு சொல்லலியா?"

"படக்காரன்னுதான் சொன்னாரு," என்றாள். "தோணுனத சொன்னாரோ, மறந்து சொன்னாரோ. அத நான் கேக்கல."

கடையை அப்படியே போட்டுவிட்டுத் தோப்பு வழியாக நடந்தேன். மலை எனக்குப் பின்னால் நின்றது, திரும்பவில்லை. கொட்டிய கற்களைத் தாண்டி, முட்டளவு தண்ணீரில் இறங்கி, சரிந்து, வலது கையை மணிக்கட்டு வரை விட்டேன். வைத்தபடியே இருந்தேன். என் கை இதற்குப் பழகியதில்லை. குளிர்ச்சி மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. அலை வந்து முழங்கை நனைந்தது; வேட்டி நனைந்தது. அன்று அவன் எவ்வளவு நேரம் வைத்திருந்தான் என்று எனக்குத் தெரியும். அதைவிடக் கூடுதலாக வைத்திருந்தேன்.

ஈரக் கையோடு அவன் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவள் வெளியே வந்தாள்.

"என்னண்ணே, தணுத்தா?"

"இன்னும் இல்ல மைனி," என்றேன். "நாளைக்கும் பாத்துச் சொல்லுகேன்னு சொல்லுங்க."